சிவப்பிலை, மஞ்சளிலை, ஒரு நோ வொரிஸ்

போன ஞாயிற்றுக்கிழமை மெல்பேர்ணில், மல்கிரேவில் இருக்கிற மீனா வீட்டில் படம் பார்த்தோம்.

சினிமாப் படம் இல்லை. ஜப்பான் படம். போன நவம்பரில் நாங்கள் மூன்று பேர் இலை பார்க்கப் போய் வந்தோம். புவனாக்கா, மீனா, நான். அந்தப் படங்கள் எல்லாம் மீனாவின் போனிலேயே கிடந்தன. "அடுத்த வாரம் டிவியில போட்டுக் காட்டுறேன்க்கா" என்று ஒவ்வொரு வாரமும் சொன்னாள். இப்போது மே மாதம், இங்கே இலை உதிர்கிற காலம். கடைசியில் காட்டிவிட்டாள்.

மீனா வீட்டு வாசலில் ஒரு மேப்பிள் மரம் நிற்கிறது. உச்சியிலிருந்து அடி வரை சிவப்பு. டிரைவ்வே முழுக்க இலை. அதைக் கார் ரயரால் நசித்து, காலால் மிதித்து, வாசலில் சப்பாத்தைத் தேய்த்துத் துடைத்து, உள்ளே போய்க் கதிரையில் இருந்து — ஜப்பான் இலையைப் பார்த்தோம்.

மீனாவின் கணவர் சேகர் அந்த மரத்தை வெட்டுகிற யோசனையில் இருக்கிறார். மழைத்தண்ணீர் ஓடுகிற கூரைப் பீலியை இலை அடைக்கிறதாம். காலையில்தான் மெஷின் பிடித்து எல்லா இலையையும் ஊதித் தள்ளினாராம். பின்னேரம் பார்த்தால் திரும்பவும் இலை. மரத்தோடு அவருக்குப் பெரிய கோபம்.

படங்கள் ஓடின. கோவில் வாசலில் நாங்கள். பாலத்தில் நாங்கள். கல் விளக்குப் பக்கத்தில் நாங்கள். சேகர் சோபாவில் சாய்ந்தபடி கேட்டார்.

"இலை பாக்கத்தானே போனீங்க? இலை எங்கே?"

"பின்னாடி தெரியுது பாருங்க" என்றாள் மீனா.

"எது... உன் தலைக்குப் பின்னாடி செவப்பா கலங்கலா இருக்கே, அதுவா?"

"ஆமா."

"அதை நம்ம வாசல்லயே நின்னு எடுத்திருக்கலாமே!"

மீனா எழுந்தாள். வடைத் தட்டைத் தூக்கிக்கொண்டு என் பக்கம் வந்தாள்.

"அக்கா, இன்னொண்ணு."

"வேண்டாம்."

ஒன்று வைத்தாள்.

"காணும் மீனா, வயிறு நிரம்பிட்டுது. வேண்டாம்."

இன்னொன்று வைத்தாள். இரண்டையும் சாப்பிட்டேன். இந்த வடையைக் கொஞ்சம் ஞாபகம் வைத்திருங்கள். பிறகு தேவைப்படும்.

அடுத்த படம் வந்தது. மூங்கில் விளக்குமாறும் கையுமாக ஒரு ஜப்பான்காரர். கழுத்தில் வெள்ளைத் துவாய். கையில் சாக்கு. மரியாதையாகக் குனிந்து நிற்கிறார். அவருக்குப் பக்கத்தில் புவனாக்கா — வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார்.

"இவர் யாரு?" என்றார் சேகர்.

"கோவில் ஆள்" என்றேன். பொய் இல்லை.

"புவனாக்கா ஏன் இப்படிச் சிரிக்கிறாங்க?"

நாங்கள் மூன்று பேரும் ஆளை ஆள் பார்த்தோம். அந்த நேரம் பார்த்துப் புவனாக்காவின் போன் அடித்தது. திரையில் மகனின் பெயர்.

போன் அடிக்கட்டும். முதலில் அந்தச் சாக்குக்காரரின் கதையைச் சொல்லிவிடுகிறேன். புவனாக்கா எழுதச் சொல்லிவிட்டார். பேரை மாற்றச் சொன்னார். மாற்றிவிட்டேன்.

புவனாக்கா கிரெய்கிபர்னில் எனக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். கணவர் இல்லை. ஒரே மகன். அவன் சிட்னியில். புவனாக்கா சைல்ட் கெயாரில் வேலை செய்து, ஊரில் உள்ள பிள்ளைகளுக்கெல்லாம் மூக்குத் துடைத்து, போன வருடம்தான் ஓய்வெடுத்தார். கார் ஓடப் பழகியது ஐம்பது வயதுக்குப் பிறகு. இரண்டு தரம் பெயில். மூன்றாம் தரம் லைசென்ஸ் எடுத்தார். அன்று தொடங்கி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் என்னை ஏற்றி, மல்கிரேவில் மீனாவை ஏற்றி, த பேசின் பிள்ளையார் கோவிலுக்குக் கொண்டு போவது அவர்தான். மெல்பேர்ண் தெரிந்தவர்களுக்குத் தெரியும். நகரத்தின் ஒரு மூலையிலிருந்து மற்ற மூலை.

நான் கார் ஓடமாட்டேன். இதையும் ஞாபகம் வைத்திருங்கள்.

போன வருடம் மகன் தர்சன் ஒரு திட்டத்தோடு வந்தான். சிட்னியில் அவன் வீட்டுப் பின்வளவில் அம்மாவுக்கென்று ஒரு கிரானி பிளாட். தனிக் குசினி, தனிப் பாத்ரூம். கிரெய்கிபர்ன் வீட்டை விற்றுவிட்டு அம்மா அங்கே போய்விட வேண்டும். இரண்டு சின்னப் பிள்ளைகள் அவனுக்கு. புருசன் பெண்சாதி இரண்டு பேரும் வேலை.

கிரானி பிளாட்! கிரானி என்றால் பாட்டி. பெயரைப் பாருங்கள். அத்திவாரம் வெட்டுவதற்கு முதலே உள்ளே இருக்கப் போகிறவருக்கு உத்தியோகம் கொடுத்துவிட்டார்கள்.

"போனால் சம்பளம் இல்லாத சைல்ட் கெயார்" என்றார் புவனாக்கா. "போகாட்டில், பெத்த பிள்ளைக்கு உதவாத தாய். சொல்லடி ராணி, நான் என்னத்துக்கு ரிட்டயர் ஆனனான்?"

ராணி நான்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் என் வாயிலிருந்து நியாயம் வராது. கார்தான் வரும். அவர் சிட்னி போனால் நான் த பேசினுக்கு எதில் போவது?

மீனா சொன்னாள். "போங்கக்கா. பையன் வாங்கன்னு கூப்பிடுறான். எத்தனை பேருக்கு இது கிடைக்கும்?"

நல்ல மனம்தான். ஆனால் மீனாவின் தம்பி மெல்பேர்ணுக்குக் குடி வர இருந்தான். கிரெய்கிபர்ன் பக்கம் வீடு தேடிக்கொண்டிருந்தான்.

இப்படி இரண்டு பேரிடம் புத்தி கேட்டால் யாருக்குத்தான் நித்திரை வரும்? புவனாக்காவுக்கு வரவில்லை. மாதக்கணக்காக வரவில்லை. ஜப்பானால் திரும்பி வருவதற்குள் பதில் சொல்கிறேன் என்று மகனிடம் தவணை வாங்கினார். பில்டர் காத்துக்கொண்டு நின்றார்.

ஜப்பான் போகிறது மீனாவின் யோசனை. "இலை நிறம் மாறுறதைப் பாக்க உலகமே அங்க போகுதுக்கா. நாம ஒரு தடவை போக வேண்டாமா?"

த பேசினுக்கு மேலே மலையில் ஏறினால் ஏப்ரலில் ரோட்டு இரண்டு பக்கமும் சிவப்பும் மஞ்சளும்தான். எத்தனையோ வருடமாக அதன் அடியில் சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்பி வருகிறோம். ஒரு நாளாவது மேலே ஏறினோமா? இல்லை. "பார்க்கிங் கிடைக்காது" என்போம்.

கியோட்டோவில் பார்க்கிங் பிரச்சினை இல்லை. கார் இல்லை.

சனம் என்றால் சனம். எங்கள் ஊர் நல்லூர்த் தேர்த் திருவிழா மாதிரி. ஒரு வித்தியாசம் — ஒருவரும் தள்ளவில்லை. தள்ளியது நாங்கள் மட்டும்தான்.

முதல் கோவிலில் சப்பாத்தைக் கழற்ற வேண்டும். மீனாவுக்கு மதுரைப் பழக்கம். ஒரு சப்பாத்தை இடப்பக்கத் தட்டில் வைத்தாள். மற்றதைத் தூரத்தில், தூணுக்குப் பின்னால் வைத்தாள். ஒற்றைச் சப்பாத்தைக் கள்ளன் எடுக்கமாட்டான் என்பது கணக்கு. த பேசினிலும் அப்படித்தான் செய்வாள்.

நாங்கள் திரும்பி வந்தபோது இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. மூக்கு வெளிப்பக்கம் பார்க்க, கால் நுழைக்கத் தோதாக. யாரோ ஒரு கோவில் பெண், பாவம் வெள்ளைக்கார நாட்டிலிருந்து வந்தவர்கள், சப்பாத்தைத் தவற விட்டுவிட்டார்கள் என்று நினைத்துத் தேடிச் சேர்த்து வைத்திருக்கிறாள்.

"கண்டுபிடிச்சுட்டாங்களே!" என்றாள் மீனா. அவளுக்கு மதுரை தோற்ற மாதிரி இருந்தது.

இரண்டாவது கோவிலில் பச்சைத் தேநீர் தந்தார்கள். கூடவே மேப்பிள் இலை மாதிரி வெட்டிய ஒரு இனிப்பு. கிமோனோ உடுத்த அம்மா தட்டை நீட்டினார். புவனாக்கா எங்கள் வழக்கப்படி கையை ஆட்டினார். "நோ, நோ."

அந்த அம்மா குனிந்து கும்பிட்டார். தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

புவனாக்கா அந்தத் தட்டு உள்ளே போய் மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். "என்னடி, ஒருக்கால் வேண்டாம் எண்டால் உடனே கொண்டு போயிடுறதோ?"

இலையைப் பற்றிக் கேட்பீர்கள். இலை நன்றாக இருந்தது. சிவப்பில் இத்தனை சிவப்பு உண்டு என்று எனக்குத் தெரியாது. மரத்தில் ஒரு சிவப்பு, நிலத்தில் ஒரு சிவப்பு, குளத்துத் தண்ணீரில் இன்னொன்று. நான் பார்த்தேன். மீனா போனுக்குள்ளால் பார்த்தாள். புவனாக்கா பார்க்கவில்லை. அவருடைய கண் முன்னால் சிட்னிப் பின்வளவுதான் நின்றது. எந்தக் கோவிலுக்குப் போனாலும் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். காசு கட்டி, பிளேன் ஏறி, கண்ணை மூடுவதற்கு.

ஊருக்குத் திரும்பும் நாள் கிட்ட வந்தது. மலையடிவாரத்தில் ஒரு கோவில். கொஞ்சம் ஒதுக்குப்புறம். சனம் குறைவு. படியில் இருந்தபோது மீனா சொன்னாள்.

"அக்கா, பேசாம பூக்கட்டிப் பாத்துருவோம்."

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு காரியம் செய்வதா விடுவதா என்று மனம் இரண்டுபட்டால், இரண்டு நிறப் பூவைத் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி, சாமிக்கு முன்னால் வைத்து, விசயம் தெரியாத ஒருவரைக் கொண்டு ஒன்றை எடுப்பிப்பது. வந்த நிறம்தான் சாமியின் பதில். எங்கள் பக்கத்திலும் உண்டு. பூ வைத்துக் கேட்கிறது என்போம்.

"புத்தர் கோவில்ல பிள்ளையாரைக் கேக்கலாமோ?" என்றார் புவனாக்கா.

"சாமி எல்லாம் ஒண்ணுதான்க்கா. பாஷைதான் வேற."

"அப்ப நான் கேக்கிறது அவருக்கு விளங்குமோ?"

"மனசுக்குள்ளதானே கேக்கப் போறீங்க? அங்க ஏதுக்கா பாஷை?"

இப்படிப் பேசினால் மீனாவை யாரும் வெல்ல முடியாது. ஆனால் பூ? பூவுக்கு எங்கே போவது? அந்தக் கோவிலில் ஒரு பூவைப் பறிக்க எங்களுக்குத் துணிவில்லை. ஆனால் நிலமெல்லாம் இலை கிடந்தது. மீனா ஒரு சிவப்பு மேப்பிள் இலை எடுத்தாள். ஒரு மஞ்சள் இலை எடுத்தாள், விசிறி மாதிரி விரிந்தது. கைப்பையிலிருந்து டிஷ்யூ எடுத்து இரண்டையும் ஒரே மாதிரிச் சுருட்டினாள். வாசல் படியில் வைத்தோம். புவனாக்கா கண்ணை மூடினார். நெடுநேரம் மூடினார்.

"ஆர் எடுக்கிறது?" என்றார் பிறகு. "உங்கள் ரண்டு பேரையும் நம்பேலாது."

அது உண்மை.

அப்போதுதான் அவர் வந்தார். விளக்குமாறும் சாக்குமாக, இலை கூட்டுகிற மனிதர். எழுபது வயதிருக்கும். விசயம் தெரியாத ஆள்தானே வேண்டும்? இவரைவிட விசயம் தெரியாத ஆள் எங்கே கிடைப்பார்?

புவனாக்கா இரண்டு பொட்டலத்தையும் இரண்டு கையிலும் ஏந்தி அவருக்கு முன்னால் போய் நின்றார். கோவிலில் தீபம் வாங்குகிற மாதிரி முகம். மீனா போனை நீட்டிப் படம் எடுக்கத் தயாராக நின்றாள். "ஒண்ணு எடுங்க, ஒண்ணு" என்று விரலைக் காட்டினாள்.

அவர் பொட்டலத்தைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. இரண்டு கையாலும் இரண்டு பொட்டலத்தையும் வாங்கினார். ஒரு கும்பிடு போட்டார். சாக்கைத் திறந்தார்.

உள்ளே போட்டார்.

இன்னொரு கும்பிடு போட்டார்.

மூன்று பேரும் சாக்கையே பார்த்தோம். பிறகுதான் எனக்கு விளங்கியது. ஜப்பானில் தெருவில் குப்பைத் தொட்டியே இல்லை. குடித்த கோப்பையையும் துடைத்த டிஷ்யூவையும் நாங்களே நாள் முழுக்கப் பைக்குள் கொண்டு திரிந்தோம். ஒரு வெளிநாட்டு அம்மா சுருட்டிய டிஷ்யூவோடு வந்து, தொட்டி தெரியாமல் கையேந்தி நிற்கிறார் என்று அந்த மனிதர் நினைத்துவிட்டார். உதவி செய்தார். இந்த உலகத்தில் குப்பையை வாங்கிக்கொண்டு கும்பிடுகிறவர் எத்தனை பேர்?

"ஐயையோ! ரெண்டையும் போட்டுட்டாரு!" என்று கத்தினாள் மீனா. "சாக்குக்குள்ள கை விட்டு எடுக்கவாக்கா?"

எட்டிப் பார்த்தோம். சாக்கு முழுக்கச் சிவப்பும் மஞ்சளும். நடுவில் எங்கேயோ பிள்ளையாரின் பதில்.

புவனாக்கா சிரிக்கத் தொடங்கினார். முதலில் தோள் குலுங்கியது. பிறகு குனிந்துவிட்டார். மாதக்கணக்காகச் சிரிக்காத சிரிப்பு எல்லாம் சேர்ந்து வந்தது. அந்த மனிதர் என்ன செய்வதென்று தெரியாமல் இன்னொரு தரம் கும்பிட்டார். அந்த நேரம் மீனாவின் விரல் போனில் பட்டது. அதுதான் சேகர் கேட்ட படம்.

சிரித்து முடிந்து மூவரும் படியில் இருந்தோம். நான் அதிகம் கேள்வி கேட்கிற ஆள் இல்லை. அன்றைக்கு ஒன்று கேட்டேன்.

"சிவப்பு வந்திருந்தால்?"

"போகணும்" என்றாள் மீனா.

"போகக் கூடாது" என்றார் புவனாக்கா.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன.

"என்னக்கா சொல்றீங்க? செவப்பு குங்குமம். நல்ல காரியம்!"

"நல்ல காரியத்துக்கு மஞ்சள்தான். தாலிக் கயிறு என்ன நிறம்?"

"நீங்க என்ன கல்யாணமா பண்ணிக்கப் போறீங்க? வீடு மாறப் போறீங்க."

"மீனா, நீர் சும்மா இரும். லைசென்ஸுக்கு மூண்டு தரம் சோதனை எடுத்தவள் நான். சிவப்பெண்டால் நிக்கோணும். அவ்வளவுதான்."

ஆக, அந்த மனிதர் ஒரு பொட்டலத்தை எடுத்திருந்தாலும் எங்களுக்குச் சண்டைதான். எந்த நிறத்துக்கு என்ன அர்த்தம் என்று சாமியிடம் கேட்பதற்கு முதல் நாங்கள் பேசி வைக்கவே இல்லை. இரண்டு ஊர்க்காரர் ஒரே சாமியிடம் ஒரே கேள்வி கேட்டால் இப்படித்தான். அவர் சாக்குக்காரரை அனுப்பியது நியாயம்.

சண்டை முடிவதற்குள் போன் வந்தது. தர்சன். வீடியோ.

"அம்மா, எங்கை நிக்கிறீங்கள்?"

"கோவில்ல, ராசா. பார், எவ்வளவு வடிவெண்டு." போனைத் திருப்பி மரத்தைக் காட்டினார். அன்றைக்குத்தான் அவரும் அந்த மரத்தைப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"வாவ். நைஸ். அம்மா... பில்டர் கேக்கிறார். என்ன சொல்ல?"

புவனாக்கா மரத்தைப் பார்த்தார். சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு போகிற மனிதரைப் பார்த்தார்.

"நான் வரேல்லை, தம்பி."

மீனா வாயில் கை வைத்தாள். எனக்கு, வெட்கத்தை விட்டுச் சொன்னால், கார் ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது.

"ஷுவரா, அம்மா?"

"ஓம். எனக்கு என்ரை வீடு காணும்."

"ஓகே அம்மா. நோ வொரிஸ். போட்டோஸ் அனுப்புங்கோ. பாய்."

அவ்வளவுதான். ஒரு கவலையும் இல்லையாம். கட்.

புவனாக்கா கையில் போனைப் பிடித்தபடியே இருந்தார். நான் நினைத்தேன், பாரம் இறங்கிவிட்டது, இனி இலை பார்ப்பார் என்று.

"அவ்வளவுதானோ?" என்றார்.

"என்னக்கா?"

"மாசக்கணக்கா நான் நித்திரை கொள்ளேல்லை. அவன் நோ வொரிஸ் எண்டுட்டுப் போறான்."

"நீங்க வரலன்னீங்க. அவன் சரின்னான். நல்லதுதானே?"

"அதுதான் பிரச்சினை, மீனா. ஏன் சரியெண்டவன்? ஏனம்மா வரேல்லை எண்டு ஒருக்கால் கேக்கக் கூடாதோ? வாங்கோம்மா எண்டு ஒரு சொல்... ஒரு சொல் சொல்லக் கூடாதோ?"

"கேட்டிருந்தா போயிருப்பீங்களா?"

"போயிருக்கமாட்டன்! அது வேற கதை."

மிச்ச நாட்களும் அவர் இலை பார்க்கவில்லை. முதலில், போவதா விடுவதா என்று கண்ணை மூடினார். பிறகு, அவன் ஏன் கேட்கவில்லை என்று கண்ணை மூடினார். மீனாவின் படங்களில் பாருங்கள். அந்தச் சாக்குப் படத்துக்குப் பிறகு ஒன்றிலும் புவனாக்காவுக்குச் சிரிப்பு இல்லை.

நான் யோசித்துப் பார்த்தேன். பிழை யாருடையது?

எங்கள் சனத்துக்கு முதல் 'வேண்டாம்' கணக்கில்லை. அது ஒரு மரியாதை. இரண்டாவது 'வேண்டாம்' பாதி. மூன்றாவதுதான் உண்மையான பதில். வடையிலிருந்து கலியாணம் வரை இதுதான் நடைமுறை. கேட்கிறவருக்கும் தெரியும், மறுக்கிறவருக்கும் தெரியும்.

பிள்ளைகள் இங்கே வளர்ந்தார்கள். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தார்கள். அதில் பிழை இல்லை. நல்ல படிப்பு. அம்மா ஒரு சொல் சொன்னார், மகன் அதை நம்பினான். அம்மாவின் பேச்சை நம்பியது ஒரு குற்றமா?

குற்றம்தான் போல.

நாங்கள் மெல்பேர்ண் திரும்பி வந்த பிறகு தர்சன் ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் எடுத்தான். சுகம் எப்படி, குளிர் எப்படி, சாப்பிட்டீங்களா. சிட்னிக்கு வாங்கோ என்று ஒரு நாளும் சொல்லவில்லை. அம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டார் அல்லவா? தொல்லை கொடுக்கக் கூடாது. நல்ல பிள்ளை.

மீனா வீட்டில் படம் பார்த்த ஞாயிறுக்கு இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை, கோவிலால் திரும்பி வரும்போது மீனாவை இறக்கிவிட்டு நாங்கள் இரண்டு பேரும் காரில். சிவப்பு சிக்னல். புவனாக்கா முன்னால் பார்த்தபடி சொன்னார்.

"பின்வளவில டிராம்போலின் வாங்கிப் போட்டிருக்கிறானாம்."

"எந்தப் பின்வளவில?"

"எனக்குக் கட்ட இருந்த இடத்தில."

சிக்னல் பச்சையாகிவிட்டது. அவர் எடுக்கவில்லை. பின்னால் கோர்ன் அடித்தார்கள். லைசென்ஸ் எடுத்த பிறகு அவருக்கு ஒருவரும் கோர்ன் அடித்து நான் பார்த்ததில்லை.

வீட்டுக்குப் போய்த் தர்சனுக்கு ஒரு மெசேஜ் போட்டேன். அவனைப் பால்போத்தல் காலத்திலிருந்து தெரியும். தமிழ் வாசிக்கமாட்டான். எனக்கு இங்கிலீசு அவ்வளவு வராது. பள்ளிக்கூடம் கனநாள் போனவள் இல்லை நான். 'ஆஸ்க் அம்மா த்ரீ டைம்ஸ்' என்று போட்டேன்.

'வை, அன்ரி?' என்று காரணம் கேட்டு வந்தது.

அதற்குப் பதில் எழுத எனக்கு இங்கிலீசு காணாது. தமிழும் காணாது. விட்டுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் பெருவிரல் படம் ஒன்று வந்தது.

இனி மல்கிரேவுக்குத் திரும்புவோம். போன் அடிக்கிறது. புவனாக்காவின் கை முழுக்கச் சட்னி. சுண்டுவிரலால் தட்டி ஸ்பீக்கரில் போட்டார்.

"அம்மா, ஸ்கூல் ஹொலிடே வருதெல்லே. கிட்ஸ் ஆஸ்கிங். ரண்டு கிழமை வந்து நில்லுங்கோவன்."

சேகர் டிவியை நிறுத்தினார். சாக்குக்காரர் குனிந்தபடி திரையில் நின்றார்.

"எனக்கு இஞ்சை வேலை கிடக்குத் தம்பி" என்றார் புவனாக்கா.

என்ன வேலை? ஒரு வேலையும் இல்லை. மீனா கண்ணைப் பெரிதாக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் கதிரைக் கையைப் பிடித்துக்கொண்டேன். இப்போது வரும். நோ வொரிஸ் வரும்...

வரவில்லை. பிறகு—

"இல்லையம்மா, வாங்கோ."

புவனாக்கா நிமிர்ந்து இருந்தார். "சிட்னிக் குளிர் எனக்கு ஒத்துவராது."

மெல்பேர்ணில் இருந்துகொண்டு இதைச் சொல்கிறார். இரண்டு சுவெட்டர் போட்டுக்கொண்டு. சேகர் சிரிக்கப் பார்த்தார். மீனா அவர் தொடையில் கிள்ளினாள்.

"அம்மா" என்றான் தர்சன். கொஞ்சம் மூச்சு வாங்கினான். "திஸ் இஸ் த தேர்ட் டைம். ப்ளீஸ் அம்மா. வாங்கோ."

புவனாக்கா மெல்லத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

நான் டிவியைப் பார்த்தேன். சாக்குக்காரர் என்னைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றார்.

"யோசிச்சுச் சொல்லுறன்" என்றார் புவனாக்கா போனைப் பார்த்து.

"ஓகே. எப்ப சொல்லுவீங்கள்?"

"சொல்லுறன்."

"ஐ'ல் வெயிற், அம்மா."

"நோ வொரிஸ்" என்று சொல்லிவிட்டு அவர் போனைக் கட் பண்ணினார்.

"இதுல யோசிக்க என்னங்க இருக்கு?" என்றார் சேகர்.

"நீங்க போய் இலையை ஊதுங்க" என்றாள் மீனா.

புவனாக்கா தட்டை இழுத்து ஒரு வடை எடுத்தார். ஒருவரும் கேட்காமலே எடுத்தார். மீதிப் படங்களை முதல் தரம் பார்க்கிற மாதிரிப் பார்த்தார். "எவ்வளவு வடிவாக் கிடக்கு, என்னடி? நாங்கள் இதையெல்லாம் பாத்தனாங்களோ?"

இருட்ட முதல் வெளிக்கிட்டோம். டிரைவ்வேயில் இலை இன்னும் கூடியிருந்தது. காருக்குள் ஏறி பெல்ட் போட்டோம். அவர் திறப்பைத் திருகவில்லை.

"ரண்டு கிழமை. நிண்டிட்டு வந்திடுவன். அந்த ரண்டு வெள்ளியும் மீனாவைக் கேட்டு, சேகரை வந்து ஏத்தச் சொல்லு."

"சரி."

"மூண்டு தரம் எண்டு நீதானே சொல்லிக் குடுத்தனி?"

நான் பெல்ட்டை இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தேன். கண்ணாடிக்கு முன்னால் ஒரு சிவப்பிலை வந்து ஒட்டியது. புவனாக்கா வைப்பரைத் தட்டி அதைத் துடைத்துவிட்டு, காரைப் பின்னால் எடுத்தார்.

"நாலு எண்டு சொல்லியிருக்கலாம்" என்றார்.